கிளெபேரின் கைக்கு ஒரு துப்பாக்கி

பிரேரி கனார், லூசியானா
11 பிப்ரவரி 1991

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

தேவமாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். மழை வருவதற்கு முதல் நாளே என் முழங்கால் சேதி சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? மார்கிட் அண்ணி இன்னும் மிளகே போடாமல்தான் சமைக்கிறாரா? நாளை மார்டி கிரா, தவக்காலத்துக்கு முந்தின நாள் கூத்து. முகமூடிக்காரர்கள் குதிரையேறி வந்து கோழி கேட்பார்கள். இந்த வருஷம் அந்தக் கிழட்டுச் சேவலைத் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன். துரத்திப் பிடிக்கட்டும், கொழுப்பு குறையும்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நம் சின்னண்ணன் கிளெபேர் ஜூன் மாதத்தோடு நெல் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறான். நாற்பத்தோரு வருஷம் மூட்டை தூக்கியாயிற்று. ஆலைக்காரர்களும் என் பிள்ளைகளும் சேர்ந்து அவனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தருவதாகப் பேச்சு. அவனிடம் இருப்பது அதே பழைய ஒற்றைக்குழல்தான். ஒரு தோட்டா போடு, சுடு, மடக்கு, எடு. இப்போது ஈய ரவையால் வாத்து சுடக் கூடாது, எஃகு ரவைதான் என்று சட்டம் வந்துவிட்டதல்லவா? அந்தக் குழலுக்கு எஃகு ஆகாதாம். “போதும் எல்டா, இனி படகை மட்டும் தள்ளுறேன், சுடறவங்க சுடட்டும்” என்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் முப்பது வருஷம் துப்பாக்கி விற்றவர். நல்ல ஆட்டோமேட்டிக்காக ஒன்று சொல்லுங்கள். செப்டம்பரில் புறா, குளிரில் வாத்து, பெரிய வெள்ளை வாத்து, நடுவில் முயல், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாக இருக்கவேண்டும். முக்கியமாக, எவன் கையில் கொடுத்தாலும் கெடாததாக வேண்டும். கிளெபேர் கை எப்படி என்றுதான் உங்களுக்குத் தெரியுமே!

அவனுக்குத் தெரியாது, மூச்சு விடாதீர்கள். நீங்களும் சாவுக்குத்தான் ஊருக்கு வருவது என்று வைத்துக்கொள்ளாமல் ஒரு முறை உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க வாருங்கள்.

அன்புத் தங்கை,
எல்டா


ஹார்லோ, தெற்கு டகோட்டா
20 பிப்ரவரி 1991

என் அருமை எல்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வாசலில் இடுப்பளவு பனி, தபால்காரன் நீந்தி வந்தான். ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மார்கிட் மிளகு போடுகிறாள், ஒன்று. எண்ணிப் போடுகிறாள்.

துப்பாக்கி பற்றி என்னைக் கேட்டாய், இனி உனக்குத் தப்ப வழியில்லை. உட்கார்ந்து படி.

ஆட்டோமேட்டிக் என்றால் இப்போது இரண்டு சாதி. ஒன்று, வெடிக்கும்போது வரும் புகையில் கொஞ்சம் திருடி, அதைக் கொண்டே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். தோளுக்கு இதம், கைக்குழந்தை உதைப்பதுபோல்தான் இருக்கும். ஆனால் உள்ளே கரி பிடிக்கும், துடைக்க வேண்டும். இன்னொன்று, பின்னால் உதைக்கிற உதையிலேயே வேலை செய்வது. சுத்தமாக இருக்கும், உறுப்புகள் குறைவு. தோள்தான் பாவம். மெலிந்த தோட்டா போட்டால் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும், “பெரியவரே, எத்தனை சுட்டாலும் எதுல தோட்டா மாட்டிக்காது?” என்று கேட்பார்கள். “சேற்றில் போடாமலிருந்தால் எல்லாமே நல்லது, சேற்றில் போட்டால் உன் பெண்டாட்டிகூட மாட்டிக்கொள்வாள்” என்பேன். உங்கள் ஊரில் சேறு இல்லாத இடம் கோவில் பீடம் மட்டும்தான்.

அதனால் என் யோசனை: புகையில் ஓடுகிற வகை. பன்னிரண்டு அளவு, மூன்று அங்குலத் தோட்டா ஏறுவது, இருபத்தெட்டு அங்குலக் குழல். குழல் முனையில் திருகிப் போடும் சிறு குழாய்கள் மூன்று தருவார்கள். முயலுக்கு அகலம், வாத்துக்கு நடுத்தரம், உயரப் பறப்பதற்கு இறுக்கம். எஃகு ரவைக்கு நடுத்தரத்துக்கு மேல் போகவேண்டாம். ரவை உள்ளே நசுங்காது, குழல்தான் பிதுங்கும்.

ஆள் அளவு தெரியாமல் வாங்காதே. செருப்பு மாதிரிதான் இதுவும். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது.

நவம்பரில் வாத்து வேட்டை தொடங்கும் முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. விடியுமுன் அம்மா காபி போடுவார், சட்டைக்குள் ஊற்றிக்கொண்டதுபோல் சூடு இறங்கும். அப்பா தன் பழைய ஆட்டோமேட்டிக்கை, அந்தக் கூன்முதுகுத் துப்பாக்கியை மடியில் வைத்து, படகில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கிளெபேர் துடுப்புப் போடுவான். தண்ணீரில் சத்தமே வராது. அவ்வளவு மெதுவாகப் படகு தள்ளுகிற வேறொருவனை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
ஓவீத்


பிரேரி கனார்
9 மார்ச் 1991

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்குத் தவக்காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சேவலை முகமூடிக்காரர்கள் பிடிக்கவே இல்லை, அது திரும்பி வந்து என்னை முறைக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்து என் தலை சுற்றிப்போயிற்று, ஆனாலும் அளவு எடுத்துவிட்டேன். பதினான்கரை அங்குலம். எப்படி எடுத்தேன் என்று கேளுங்கள். ஓய்வு நாளுக்குச் சட்டை தைக்கிறேன் என்று சொல்லி நாடாவை எடுத்துப் போனேன். கையை மடக்கச் சொன்னேன், விரலை நீட்டச் சொன்னேன்.

“சட்டைக்கு எதுக்கு என் விரல்? கையுறை வெச்சுத் தைக்கிறியா?”

“பேசாம நில்லு சின்னண்ணா.”

“எல்டா, இது துப்பாக்கிக்கு எடுக்கிற அளவு. அப்பா ஓவீத்துக்கு எடுத்ததை நான் பார்த்திருக்கேன்.”

அகப்பட்டுவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆட்டோமேட்டிக்கா? எனக்கா? ஊர்ப் பணத்தை ஏன்டி ஆத்துல போடறீங்க? என் கை பட்டா இரும்பும் பொடியாகும்னு தெரியாதா?” என்றான்.

அப்பாவின் அதே வார்த்தை. நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவனைக் கிண்டல் செய்கிறோம். என் பேரன் பேத்திகள்கூட அவன் வந்தால் பொம்மை ரயிலைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். அன்று அவன் கண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தானே அது? அப்பா முதல் தடவையாகக் கூன்முதுகுத் துப்பாக்கியைச் சின்னண்ணன் கையில் கொடுத்தார். மூன்றாவது தோட்டாவில் துப்பாக்கியின் கட்டை மரம் பிளந்து அவன் வாயெல்லாம் ரத்தம். உள்ளே ஏதோ வளையம் இருக்கும், சின்னத் தோட்டாவுக்கு ஒரு பக்கம், பெரிய தோட்டாவுக்கு ஒரு பக்கம் மாற்றிப் போட வேண்டும், மாற்றாமல் சுட்டால் பிளக்கும் என்பீர்கள். ஆனால் அப்பா திறந்து பார்த்தபோது வளையம் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் இவன்தான் துப்பாக்கியைச் சேற்றில் ஊன்றியிருக்கிறான் என்று முடிவாயிற்று. பழுது பார்த்த துப்பாக்கி உங்களுக்குப் போயிற்று. இவனுக்கு ஒற்றைக்குழல், அதுவும் “இதை உடைக்க முடியாது” என்று சொல்லிக் கொடுத்தது.

இப்போது அவன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: “ஓவீத் சொல்ற துப்பாக்கியில அந்த வளையம் இருக்கா?” கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் சம்மதிப்பான் போலிருக்கிறது.

அன்புத் தங்கை,
எல்டா


ஹார்லோ
22 ஏப்ரல் 1991

அன்பு எல்டாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனி உருகிவிட்டது.

நான் சொன்ன வகையில் வளையம் கிடையாது. எந்தத் தோட்டா போட்டாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓவீத்


பிரேரி கனார்
30 ஏப்ரல் 1991

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

ஆறு வாரம் கழித்து நாலு வரி! வானிலையைப் பற்றியே ஆறு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுதுங்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். நண்டு நிறையக் கிடைக்கிறது, தின்று தின்று விரலெல்லாம் எரிகிறது.

வளையம் இல்லை என்று சின்னண்ணனிடம் சொன்னேன். “அப்படியா” என்று மட்டும் சொன்னான். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான். ஐம்பத்தேழாம் வருஷம் ஆலையில் நெல் காயவைக்கும் இயந்திரத்துக்கு மெக்கானிக் வேண்டும் என்று போர்மேன் இவனைக் கூப்பிட்டாராம். இவன் சத்தத்தைக் கேட்டே எந்தப் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்வானாம். சம்பளம் இரண்டு மடங்கு, மூட்டை தூக்க வேண்டாம்.

“ஏன் போகல?” என்றேன்.

“அவ்வளவு பெரிய மிஷினு. நான் தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா முழு ஊரு நெல்லும் அழுகிப்போகும். வேணாம்னு சொல்லிட்டேன்.”

“அடப்பாவி, முப்பத்தி நாலு வருஷம் முதுகு ஒடிய...”

“முதுகு என்னோடதுதானே.”

நீங்கள் அவனுக்கு ஒரு கடிதம் போட்டுத் தைரியம் சொல்லுங்கள். நான் சொன்னால் தங்கச்சி பேச்சு என்று விடுவான். நீங்கள் சொன்னால் கேட்பான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு நீங்கள் சொன்னதுதான் வேதவாக்கு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எல்டா


ஹார்லோ
21 மே 1991

பிரியமுள்ள எல்டாவுக்கு,

நான் மார்கிட். நாம் முப்பத்தெட்டு வருஷமாக ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் அனுப்பிக்கொள்கிறவர்கள், அதனால் இந்தக் கடிதம் உன்னைப் பயமுறுத்தக் கூடாது. ஓவீத்துக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன், குதிரை மாதிரி இருக்கிறார் என்றார்.

ஆனால் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் உனக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். சுவரில் இருக்கும் உங்கள் அப்பாவின் துப்பாக்கியை இறக்குகிறார், முன்கட்டையைக் கழற்றி உள்ளே பார்க்கிறார், மாட்டிவைக்கிறார். அதை அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. காரணம் கேட்டால், “உனக்குத் தெரியாது, விடு” என்கிறார். எங்கள் குடும்பத்தில் அப்படி விட்டுத்தான் பழக்கம். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் சத்தம் போட்டுப் பேசுவீர்களே, நீயாவது கேள்.

நீ அனுப்பின மிளகாய்ச் சாறு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மார்கிட்


பிரேரி கனார்
17 ஜூன் 1991

பெரியண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணி எழுதியிருந்தார். அவர் மேல் கோபிக்காதீர்கள்.

சனிக்கிழமை விருந்து நடந்தது. ஆலை முற்றத்தில் பந்தல் போட்டு, பெரிய அண்டாவில் கம்போ குழம்பு. அக்கார்டியன்காரர் வந்தார், வயதான ஜோடிகளெல்லாம் ஆடினார்கள். நீங்கள் சொன்ன அதே துப்பாக்கியை வாங்கிப் பெட்டியோடு சின்னண்ணன் கையில் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே ஆலை முதலாளியின் மகன் ஒலிபெருக்கியில், “சித்தப்பா, பெட்டியைத் தொறக்கற வரைக்குமாச்சும் உடையாம பாத்துக்குங்க!” என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்தான். நானும் சிரித்தேன் அண்ணா, வாய் பழகிப்போச்சு.

பெட்டி அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. திறக்கவில்லை. கேட்டால், “இருக்கட்டும், புதுசா இருக்கட்டும்” என்கிறான்.

நான் இப்போது உங்களைக் கேட்கிறேன். ஏன் அந்தத் துப்பாக்கியைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறீர்கள்? என்ன தேடுகிறீர்கள்?

எல்டா


ஹார்லோ
1 ஜூலை 1991

எல்டாவுக்கும் கிளெபேருக்கும்,

நலம் விசாரிக்கும் யோக்கியதை இந்தக் கடிதத்துக்கு இல்லை. எல்டா, இதை நீ முதலில் படிக்காதே. கிளெபேரை உட்கார வைத்துச் சத்தமாகப் படி.

நாற்பத்தொன்பது செப்டம்பரில் புறாவுக்காக நான்தான் வளையத்தைச் சின்னத் தோட்டாப் பக்கம் போட்டேன். டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை அப்பா, “நாளைக்குப் பெரிய வாத்து. பெரிய தோட்டா போடப் போறோம். வளையத்தை மாத்தினியாடா?” என்று கேட்டார். எனக்கு அன்று நடனத்துக்குப் போகிற அவசரம். தலை சீவிக்கொண்டிருந்தேன். “மாத்திட்டேம்பா” என்றேன். மாற்றவில்லை.

மறந்துபோனது ஒரு தப்பு. அது யாருக்கும் வரும். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

விடிந்தது. அப்பா, தான் சுட்ட வாத்துகளைப் பொறுக்க, நம் இருவரையும் கோரை மறைவில் விட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, “இப்ப நீ சுடுடா” என்று உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார், கிளெபேர். உனக்குப் பதினெட்டு வயது. உன் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. மூன்று தோட்டா, இரண்டு வாத்து விழுந்தன. மூன்றாவதில் மரம் பிளந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீருக்குக் குனிந்தாய். நான், “குடு, பார்க்கிறேன்” என்று வாங்கினேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முன்கட்டையைக் கழற்றினேன். அப்பாவின் படகு திரும்பி வருவது தெரிந்தது. வளையத்தை எடுத்துச் சரியான பக்கம் போட்டு மூடினேன். நீ வாய் கழுவி நிமிர்வதற்குள் முடித்துவிட்டேன். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்பா திறந்தார், பார்த்தார். வளையம் சரி. “என்னடா பண்ணித் தொலைச்சே? கம்பு மாதிரி ஊன்றினியா?” என்றார். நீ, “இல்லப்பா, சத்தியமா இல்லப்பா” என்றாய். என்னைப் பார்த்தாய், நான் சாட்சி சொல்வேன் என்று. நான் வாத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். உனக்கு அது பெயராகவே ஆகிவிட்டது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அப்பா என்னைப் பாராட்டினார், “ஓவீத்துன்னா பொறுப்பு” என்று. அப்புறம் துப்பாக்கியையே கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றையே நாற்பது வருஷம் தின்றேன். ஒருமுறை இங்கே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “தம்பியிடம் சொல்” என்றார். நான் அடுத்த ஞாயிறிலிருந்து மார்கிட்டோடு லூத்தரன் கோவிலுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பாவத்தைச் சொல்லக் கூண்டுக்குள் முட்டி போட வேண்டியதில்லை.

ஊருக்கு வராததற்கு வேலை, பனி, செலவு என்று எதையெதையோ சொன்னேன். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, அதுதான் நிஜம்.

கிளெபேர், உன் கையில் எந்தக் குறையும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மெக்கானிக் வேலை உன்னுடையது. அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

ஓவீத்


பிரேரி கனார்
24 ஜூலை 1991

பெரியண்ணனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நல்ல வெயில்.

படித்தேன், நீங்கள் சொன்னபடி சத்தமாக. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “வளையத்தை எடுத்து” என்ற இடம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தான். நான் நிறுத்தினேன். “படி” என்றான். முடித்தேன். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வரப்புமேல் நடந்துபோனான். வாய்க்கால் முனைவரைக்கும் போவது தெரிந்தது, அதற்கப்புறம் தெரியவில்லை.

மூன்று வாரமாக அவன் என்னோடும் பேசவில்லை. வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். பூசைக்கு வந்தால் கடைசி வரிசை. உங்கள் மேல் எனக்குக் கொள்ளைக் கோபம். எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன். அப்புறம் யோசித்தேன். நீங்கள் ஒரு தடவை பேசாமலிருந்தீர்கள். அந்த வார்த்தையைத் தினம் தினம் சொன்னது நாங்கள்தானே. என் கல்யாணத்தில் கேக் கத்தியை அவன் தொட வந்தபோது, “வேணாம் சின்னண்ணா, கத்தி ஒடிஞ்சிரும்” என்று சொன்னவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கதவை மட்டும் சாத்தவில்லை.

எல்டா


ஹார்லோ
12 ஆகஸ்ட் 1991

அன்பு எல்டாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் மேல் பழி போடாதே, அது என்னுடையது.

நான் வரலாமா என்று அவனைக் கேள். வராதே என்றால் வரமாட்டேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும் காத்திருப்பேன்.

ஓவீத்


பிரேரி கனார்
6 அக்டோபர் 1991

அண்ணனுக்கு கிளெபேர் எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எல்டா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். முதுகு வலிக்கிறது, மற்றபடி சுகம். உன் உடம்பு எப்படி?

எல்லாம் கேட்டேன். மறந்தது வேண்டுமென்று செய்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. திறந்து மாற்றி வைத்தது? அதை எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாய் பார். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன், கேட்கவில்லை.

அப்பா கல்லறைக்குப் போனேன். அங்கே நின்று கத்தினேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த கிழவி பயந்து ஓடிவிட்டாள். உன்னையும் திட்டிக் கத்தினேன். நீ அங்கே இல்லை, அதனால் சரியாக வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெட்டியைத் திறந்தேன். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் கழற்றினேன். புத்தகம் பார்க்கவில்லை. அறுபத்து மூன்று உறுப்பு. மறுபடியும் பூட்டினேன், ஒன்றும் மிச்சமாகவில்லை. இன்னொரு தடவை கழற்றினேன். எல்டா அடுப்படியில் நின்று அழுதாள். “அழாதே, வெளிச்சத்தை மறைக்கிறே” என்றேன். அதுதான் அவளோடு திரும்பப் பேசின முதல் பேச்சு.

புறாவுக்குப் போனோம். முதல் பதினொரு தோட்டாவும் காற்றுக்குத்தான். எல்டா மகன், “மாமா, துப்பாக்கி கெட்டுப்போச்சு போல” என்றான். “துப்பாக்கி நல்லாருக்குடா, சுடறவன்தான் சரியில்லை” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்புறம் ஆறு விழுந்தது. நல்ல துப்பாக்கி. உதையே தெரியவில்லை. அதை நீ நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

அந்த மெக்கானிக் வேலையைத் திருப்பித் தர முடியாது என்று எழுதியிருக்கிறாய். முடியாதுதான். எனக்கு ராத்திரியில் முதுகைத் திருப்பிப் படுக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். பொய் ஒன்று இந்த வீட்டில் இருந்தது போதும்.

வரலாமா என்று கேட்டாயாம். வா. இங்கே எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள், ஒருத்தர்கூடக் கிண்டல் செய்வதில்லை, எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்லை. நவம்பரில் சீசன் திறக்கிற முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசைக்கு வருவார்கள், ஆலைக்காரர்களும்தான். நீ எழுந்து நின்று, கடிதத்தில் எழுதினதை வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடு. அதற்கப்புறம் படகில் ஏற்றுவேனா மாட்டேனா என்று இப்போது சொல்ல மாட்டேன்.

பஸ் வரும் நேரத்தை எழுது. எல்டா மகனை அனுப்ப மாட்டேன், நானே வருவேன். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிஷம். வீடு வரும்வரை நான் பேச மாட்டேன். நீ பேசு.

தம்பி,
கிளெபேர்